ஆல்கைன் பாடமும் தங்கள் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து தாங்கள் எழுதிய மடல் கிடைத்தது. மெட்ரிக், அதாவது பள்ளி இறுதியாண்டு, படிக்கும் தங்கள் மகள், பல்கலைக்கழகக் கரிம வேதியியல் நூலைப் புரட்டி, ஆல்கைன், அதாவது இரு கார்பன்களுக்கிடையே முப்பிணைப்புள்ள சேர்மம், தயாரிக்கும் பகுதியிலேயே மலைத்துப்போய், வேதியியலே வேண்டாம் என்கிறாள் என்று வருந்தி, அவளை வேதிப்பொறியியலில் சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். மெட்ரிக் தேர்வின் இரண்டாம் தாளான வேதியியல் தாளுக்கு ஆல்கைன்களைப் பொறுத்தவரை பெயரிடலும் அமைப்பு வரைதலுமே முக்கியம் என்பதால், இப்போதைய மதிப்பெண்களைப் பற்றிய அச்சம் தேவையில்லை.

அப்பகுதி கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம், மாணவர்கள் அதை மனப்பாடம் செய்ய முயல்வதே. கால்சியம் கார்பைடுடன் நீர் சேர்ந்தால் எத்தைன், அதாவது அசிட்டிலீன், வெளிவரும். 1862இல் வோலர் கண்ட இவ்வினையில் நினைவில் வைக்க அதிகமில்லை. அடுத்தடுத்த கார்பன்களில் புரோமின் உள்ள சேர்மத்திலிருந்து இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜன் புரோமைடை நீக்கி ஆல்கைன் பெறும் முறையில், முதல் நீக்கத்துக்கு ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடே போதும் என்றாலும், இரண்டாவதற்குப் பொதுவாகச் சோடமைடு போன்ற வலிய காரம் வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கே இத்துறை பொருந்தும். முப்பிணைப்பின் முனையிலுள்ள ஹைட்ரஜனை அதே சோடமைடு பறித்துக்கொள்ள, எஞ்சும் அயனி முதன்மை ஆல்கைல் ஹாலைடுடன் சேர்ந்து கார்பன் சங்கிலியை நீட்டுகிறது. மருந்து மூலக்கூறுகளைக் கட்டுவோருக்கு இது அன்றாட வேலை, இந்நாட்டின் எச்.ஐ.வி. சிகிச்சையில் நெடுங்காலம் முதல்நிலை மருந்துகளுள் ஒன்றாயிருந்த எஃபாவிரென்சிலும் ஒரு முப்பிணைப்பு உண்டு.

டர்பன் துறைமுகப் பட்டறைகளில் இரும்பை வெட்டும் ஆக்சி-அசிட்டிலீன் சுடர் ஏறத்தாழ 3,100 பாகை செல்சியஸ் வரை எரிகிறது. அழுத்தினால் தானே வெடிக்கக்கூடிய அவ்வாயுவை, நுண்துளைப் பொருள் நிரம்பிய உருளையில் அசிட்டோனில் கரைத்தே வைக்கிறார்கள். மாம்பழத்தைக் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதும் இதே வாயுவால்தான். அதில் கலந்துவரும் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளால் அது ஆகாத பழக்கம்.

தாங்கள் விரும்பும் வேதிப்பொறியியல் நான்காண்டுப் படிப்பு. அதில் குழாய், வெப்பம், கணக்கு ஆகியவற்றுக்கே முதலிடம் என்பதால், மூலக்கூறுகளைக் கட்டுவதில் ஆர்வமுள்ள பிள்ளையை அங்கே தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். அறிவியல் பட்டம் மூன்றாண்டு. ஆனால் தொழில்முறை அறிவியலாளராகப் பதிவுபெறப் பொதுவாக அதன்மேல் ஓராண்டு ஹானர்ஸ் மேற்பட்டமும் பணி அனுபவமும் வேண்டும். பெற்றோர் பலர் மூன்றாண்டோடு செலவு முடிந்தது என எண்ணிவிடுகிறார்கள். நான்காம் ஆண்டுக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். ஆய்வகக் கருவிகளில் விருப்பமென்றால், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுப்பாய்வு வேதியியலையும் பார்க்கலாம்.

விண்ணப்பிக்குமுன், எத்தைனிலிருந்து ஐந்து கார்பன் கொண்ட ஆல்கைனான பென்ட்-2-ஐன் வரை செல்லும் படிகளை, விடையிலிருந்து பின்னோக்கி யோசித்து, அவளாகவே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தவறாயிருந்தாலும் பரவாயில்லை, எந்தப் படியில் எதை, ஏன் தேர்ந்தாள் என்பதையே பார்ப்பேன்.