எரிமலைச் சேறு: அந்த இரண்டரை மணித்தியாலம்

"எரிமலை வெடித்தால் லாவாவை விடச் சேறுதான் பயங்கரம் என்கிறார்களே, வெறும் சேறு அப்படி என்ன செய்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கள் குடாநாட்டில் மலை இருப்பது கீரிமலையின் பெயரில் மட்டும்தான், ஆகவே எரிமலையைப் பார்த்தவன் சொல்லும் பதில் இல்லை இது. ஆனால் அந்தச் சேற்றின் குணம் எனக்கு ஒருநாள் காலில் பட்டது.

எங்கள் வீட்டுக்கு மேல்தளம் போட்ட அன்று, பலகை அடித்த ஒரு மூலை பிரிந்து கொங்கிறீற் கலவை கீழே கொட்டிவிட்டது. நான் அதற்குள் காலை வைத்தேன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் ஏறியது, ஆனால் இழுக்க இழுக்கக் கால் வரவில்லை. மேசன் அண்ணை வந்து, "தம்பி, செருப்பை விடும், காலை மட்டும் எடும்" என்றார். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

அதே கலவை மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கு வழியே லொறி வேகத்தில் வருவதாக நினையுங்கள். அதுதான் லகார். யாவா மொழிச் சொல். சாம்பலும் கல்லும் தண்ணீரில் கலந்தால் தண்ணீரைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு பாரமாகிவிடும். வீடளவு பாறையும் அதில் உருண்டு வரும். லாவா பெரும்பாலும் மெதுவாக ஊரும், நடந்தே தப்பலாம். இதற்கு முன்னால் ஓடித் தப்புவது கஷ்டம்.

கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 இரவு நடந்ததைப் பாருங்கள். நெவாடோ டெல் ரூயிஸ் என்ற 5,300 மீற்றர் மலை, உச்சியில் பனிக்கட்டி. வெடிப்பு அப்படி ஒன்றும் பெரிதில்லை. சுடுசாம்பல் பாய்ந்து பனியில் பத்தில் ஒரு பங்கு அளவை உருக்கியது, அவ்வளவுதான். உருகிய நீர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, கரை மண்ணை அரித்து அரித்து நான்கு மடங்கு வரை பெருத்தது. அர்மேரோ நகரம் பள்ளத்தாக்கு வழியே எழுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான தூரம். ஒன்பது மணி கழிய வெடித்தது, பதினொன்றரை அளவில் சேறு ஊருக்குள் வந்தது. மொத்தம் 23,000 பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலானோர் அர்மேரோவில்.

எனக்கு ஆறாதது அந்த இரண்டரை மணித்தியாலம்தான். மேட்டு நிலம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஊர் ஆபத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. 1845இலும் இதே இடத்தைச் சேறு மூடியிருக்கிறது. அந்தச் சேற்றின் மேலேயே ஊரைக் கட்டியிருந்தார்கள்! பின்னேரம் சாம்பல் விழுந்தபோதும் சனத்துக்குக் கிடைத்த அறிவுரை, பதற்றப்படாமல் வீட்டுக்குள் இருங்கள் என்பதுதான்.

வெடிப்புக்கூடத் தேவையில்லை. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991இல் வெடித்த பிறகு, வருடக்கணக்காக ஒவ்வொரு பெருமழைக்கும் சேறு இறங்கியது. நியூசிலாந்தின் ருவாபெகுவில் 1953 டிசம்பர் 24 இரவு, எரிமலை வாயில் இருந்த ஏரியின் அணை உடைந்தது. வெடிப்பு இல்லை, சத்தமில்லை. தாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தைச் சேறு உலுப்பிவிட, வெலிங்டனிலிருந்து ஓக்லாந்து போன ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அதே ஏரி 2007 மார்ச்சில் மறுபடி உடைந்தது. இந்தமுறை எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்தன, ரயிலையும் வீதியையும் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை.

சரி, அப்படி ஒரு இடத்துக்குப் போக நேர்ந்தால்? சுனாமி வந்தபோது எங்கள் வடமராட்சிச் சனம் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடியது, அது சரி. இங்கே முதுகைக் காட்டிப் பள்ளத்தாக்கு நெடுகக் கீழே ஓடினால் சேறும் அதே வழியால்தான் வரும். பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். ஆற்றின் மேல்பக்கம் லொறிகள் வரிசையாக வருவதுபோல உறுமல் கேட்டால், எதிரில் பாலம் எவ்வளவு கிட்ட இருந்தாலும் அதில் ஏறாதீர்கள்.