வெற்றிலை போட்ட மீனும் விஷம் மறந்த தவளையும்: கேள்வி பதில்

சரி, முப்பதுக்கு மேல் கேள்விகள் வந்து கிடக்கின்றன. வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் பதினொரு தொட்டி ஓடுகிறது, அதற்கு முன் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் ஒன்பது வருடம் மீன் பை கட்டிய அனுபவம், இவ்வளவுதான் என் தகுதி. மிருக வைத்தியர் இல்லை. சின்னதாக, நிறமாக உள்ள வெப்பமண்டலப் பிராணிகளைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். நாய்க்கு உண்ணி, லவ்பேர்ட்ஸுக்குச் சளி என்று எழுதியவர்கள் மன்னிக்கவும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: அண்ணா, என் நியோன் டெட்ராக்கள் ராத்திரியில் நிறமே இல்லாமல் கிடக்கின்றன. சாகப் போகின்றனவா?

இல்லை தம்பி, தூங்குகின்றன. எனக்கும் இதே பயம் வந்திருக்கிறது. ஒரு நாள் விடிய நாலு மணிக்குக் கரண்ட் போய்விட்டது, காற்று மோட்டர் நின்றிருக்குமே என்று டோர்ச்சோடு மேலே ஓடினேன். நாற்பது மீனும் வேகவைத்த சவ்வரிசி மாதிரி, கண் மட்டும் கறுப்பாக, அடியில் அசையாமல் நின்றன. எல்லாம் முடிந்தது என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டோர்ச் வெளிச்சம் தொட்டியில் விழுந்தபடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றின் விலாவில் மங்கலாக ஊதாக் கோடு, அப்புறம் அது நீலமாகி, பக்கத்தில் இருந்ததுக்கும் வந்து, கடைசியில் எல்லாம் பழையபடி.

காரணம், அந்த நீலம் சாயம் இல்லை. தோலில் உள்ள சில செல்களுக்குள் குவானின் என்ற பொருள் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கிறது. தகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் எவ்வளவோ அதற்கேற்ற நிறத்தில் ஒளி தெறிக்கிறது, தூரம் மாறினால் நிறமும் மாறும். அமேசன் பக்கத்தில் இவை வாழும் ஓடைகளின் தண்ணீர் பிளேன்டீ நிறம், அந்த இருட்டில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இந்தக் கோடு உதவும் என்கிறார்கள். பகலில், லைட் எரியும்போதும் வெளிறியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது தண்ணீரைச் சோதித்துவிட்டு எழுது.

மட்டக்குளி வாசகர்: ஃபைட்டர் மீனை ஜாம் போத்தலில் வளர்க்கலாமா? கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கடையில் அப்படி வைப்பது இரண்டு ஆண் மீன்கள் சண்டை பிடிக்காமல் இருக்க, விற்கும்வரைக்கும். ஃபைட்டருக்குச் செவுளோடு சேர்த்து, மேலே வந்து காற்றை விழுங்கி ஒக்சிசன் எடுக்கிற இன்னொரு உறுப்பும் தலைக்குள் இருக்கிறது, அதனால்தான் போத்தலில் உடனே சாவதில்லை. ஆனால் அதன் கழிவு அந்தப் போத்தலிலேயேதான் தேங்கும். தாய்லாந்து வயல்களில் அது வாழ்கிற தண்ணீருக்கு ஆழம் குறைவுதான், பரப்போ பெரிது. 15 லீற்றர் தண்ணீர், மேலே மூடி (குதிக்கும்), ஒரு செடி, போதும். கொழும்பில் ஹீட்டர் தேவையே இல்லை, நம் வீட்டுத் தண்ணீர் எப்படியும் 27, 28 பாகையில் நிற்கும். குழாய்த் தண்ணீரைக் குளோரீன் போக ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, பம்பலப்பிட்டி: அங்கிள், விஷ அம்புத் தவளையைத் தொட்டால் செத்துவிடுவோமா?

நல்ல கேள்வி மகள், இதற்கு நீளமாக எழுதப் போகிறேன். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய இருநூறு இனங்கள் உண்டு, எல்லாம் மத்திய, தென் அமெரிக்காவில். அம்பு நுனியில் பூசப் பயன்பட்டவை அவற்றில் ஒருசில மட்டுமே. மிகக் கொடியது கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் இருக்கும் தங்க விஷத் தவளை. 5 சென்ரிமீற்றர்தான் இருக்கும். 1978இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள், அங்கே வாழும் எம்பெரா பழங்குடி மக்களுக்கு அதை எப்போதோ தெரியும்: ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து எடுப்பார்கள். தோலில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் பட்ராக்கோடொக்சின் என்ற விஷம் இருக்கும், அதுவே ஆட்களைக் கொல்லப் போதும். நரம்பிலும் தசையிலும் சோடியம் போகும் வாசலை இந்த விஷம் மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது, அதனால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகி நிற்கிறது.

இனித்தான் விசேஷம். இதே தவளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிறக்க வைத்து, பழ ஈ கொடுத்து வளர்த்தால் விஷமே இருக்காது! விஷத்தைத் தவளை தானாகச் செய்வதில்லை, காட்டில் தின்கிற சின்னப் பூச்சிகளிலிருந்து தோலுக்கு ஏற்றிக்கொள்கிறது. நிறம் மட்டும் அப்படியே இருக்கும், சரக்குத் தீர்ந்த கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பூமிக்கு மறுபக்கம், நியூகினியில், பிட்டோகூய் என்ற பறவையின் இறகிலும் தோலிலும் இதே வகை விஷம் இருப்பதை 1992இல் அறிவித்தார்கள், அதற்கும் வண்டுதான் மூலம்.

இன்னொன்று. கொஸ்டாரிக்கா, பனாமா பக்கத்து ஸ்ட்ரோபெரித் தவளை 2 சென்ரிமீற்றர் அளவுதான். தாய், வாற்பேத்தைகளை ஒவ்வொன்றாக முதுகில் தூக்கிப்போய், அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலையிடுக்கில் தேங்கிய தண்ணீரில் தனித்தனியே விடும். பிறகு அடிக்கடி திரும்பி வந்து, கருக்கட்டாத முட்டைகளை அவற்றுக்குச் சாப்பாடாக இட்டுவிட்டுப் போகும். எந்தக் குட்டியை எந்தச் செடியில் விட்டோம் என்பது அதற்கு நினைவிருக்கிறது. நான் டோர்ச்சை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன்.

நாரஹேன்பிட்ட: நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

தெஹிவளை: மாண்டரின் மீன் படத்தில் பார்த்தேன், அந்த நீலத்துக்காகவே ஒரு சோடி வாங்க ஆசை. கடல் தொட்டி புதிதாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் கண் நல்ல கண். மீன், பறவை, பல்லி எதுவானாலும் நாம் பார்க்கிற நீலம் பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஒளி விளையாட்டு. மாண்டரின், அதன் நெருங்கிய உறவு ஒன்று போன்ற மிகச் சிலவற்றில்தான் செல்லுக்குள் உண்மையான நீலச் சாயமே இருக்கிறது. செதில் இல்லை, அதற்குப் பதில் கசப்பான, நாற்றமடிக்கிற வழுவழுப்பு. ஆனால் வாங்காதீர்கள். அது நாள் முழுக்கக் கல்லைக் கொத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள பூச்சிகளைத் தின்னும், புதுத் தொட்டியில் அவை இருக்காது, பக்கெட் தீனியை அநேகமாகத் தொடாது. உங்கள் கண் முன்னாலேயே மெலிந்து சாகும். எந்தப் புதுத் தொட்டிக்கும் இதையே சொல்வேன்: தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் போடாதீர்கள், அமோனியாவை உடைக்கிற பக்டீரியா வளர நாலு ஆறு வாரம் ஆகும்.

கிராண்ட்பாஸ்: ஃபைட்டருக்குப் போத்தல் போதுமா?

மட்டக்குளிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஆமர் வீதி: எல்லாம் வெளிநாட்டு மீன். நம் நாட்டில் நிறமான மீனே இல்லையா?

இதற்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. உலகம் முழுக்கத் தொட்டிகளில் நீந்துகிற செர்ரி பார்ப் நம்முடையது, களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை ஈரவலயத்து நிழல் ஓடைகளில் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. சிங்களத்தில் லே தித்தயா. லே என்றால் இரத்தம். 1929இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் தெரணியகல, பின்னாளில் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராக இருந்தவர். அவர் பெயர் வைத்த இன்னொன்று ஹல் மல் தண்டியா, ஹல் மரத்துப் பூவைப் போன்றது என்பதால்.

எனக்குப் பிடித்தது புலத் ஹப்பயா, அதாவது வெற்றிலை மெல்லுகிறவன். கம்பனியில் முதன்முதல் அந்த மீனைப் பையில் கட்டியபோது, இந்தச் சாம்பல் குஞ்சுக்கா இவ்வளவு பெயர் என்று நினைத்தேன். பயந்த மீன் நிறம் காட்டாது, அது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து, பெண் மீன்களுள்ள தொட்டியில் ஓர் ஆண், வாயிலிருந்து செவுள் வரை கருஞ்சிவப்பு, பின்பாதி மையைக் கொட்டியது போல் கறுப்பு. எங்கள் அப்பம்மா வெற்றிலை போட்டுவிட்டுச் சிரித்தால் எப்படியோ அப்படி. பெயர் வைத்த கிராமத்து ஆள் பெரிய ரசிகன்.

கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமடப் பக்கம் ஒரேயொரு ஓடையில் இருந்த பண்டுல பார்ப் 1991இல்தான் விவரிக்கப்பட்டது, இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. தயவுசெய்து வலையோடு போகாதீர்கள். லே தித்தயா தொட்டியில் பிறந்ததே கடைகளில் கிடைக்கும். அலுத்துப்போன வெளிநாட்டு மீனைக் கால்வாயில் விடவும் கூடாது. மீகொங் பக்கத்துக் கத்தி மீனும், ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிற உறிஞ்சு மீனும் நம் தண்ணீரில் பெருகியது இப்படி விட்டதால்தான்.

கிருலப்பனை: கால்வாயில் விடாதே என்று சொல்வது லேசு. டெங்கு வந்து பார்த்தால் தெரியும். எங்கள் ஒழுங்கையில் நாங்களே கப்பி வாங்கி வாய்க்காலில் விடுகிறோம். மீனா மனுசரா முக்கியம்?

மனுசர்தான். 2017இல் நாட்டில் 180,000க்கு மேல் டெங்கு நோயாளிகள், அதில் என் அக்கா மகனும் ஒருவன். ஆனால் டெங்கு நுளம்பு உங்கள் வாய்க்காலைத் தேடி வருவது குறைவு. அதற்கு வேண்டியது டயர், யோகட் கோப்பை, பீலி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பூச்சாடி. அங்கே கப்பியை எப்படி விடுவீர்கள்?

கிருலப்பனை: வாய்க்காலில் நுளம்புக் குஞ்சு நெளிவதைக் கண்ணால் பார்த்தேன். கப்பி விட்ட பிறகு இல்லை. உங்கள் விஞ்ஞானம் உங்களோடு.

பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. அழுக்குத் தண்ணீரில் நெளிவது பெரும்பாலும் கியூலெக்ஸ், இரவில் காதருகே பாடுவது. அதைக் கப்பி தின்னும். டெங்கு பரப்புவது ஏடிஸ், பகலில் கடிப்பது. அதன் முட்டை காய்ந்த சாடி விளிம்பில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கிழமைக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

சுகாதாரம் படித்த அக்கா, வெள்ளவத்தை: இருவரும் பாதி சரி. மூட முடியாத சீமெந்துத் தொட்டி, கைவிட்ட கிணறு, இவற்றில் ஏடிஸும் வளரும், அங்கே கப்பி பிரயோசனம்தானே?

அக்கா சொல்வது சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஓடையோடு தொடர்பில்லாத தொட்டியென்றால் விடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். வாய்க்கால்தான் பிரச்சினை, மழைக்கு அது கால்வாயில் சேரும். கப்பி வெனிசுவேலா, டிரினிடாட் பக்கத்து மீன், குஞ்சாகவே ஈனும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்து ஈன்றுகொண்டே இருக்கும், ஆகவே ஒன்று தப்பினாலும் ஒரு கூட்டம். அதே வேலைக்கு நம் சொந்த மீன் உண்டு, தலையுச்சியில் வெள்ளிப் பொட்டோடு தண்ணீர் மேலேயே நிற்கும் கில்லி மீன். நுளம்புக் குஞ்சென்றால் அதற்குப் பாயாசம்.

கிருலப்பனை: மலேரியாவை ஒழித்ததே கப்பிதான் என்று எங்கள் தாத்தா சொன்னார்.

தாத்தாவோடு வாதாட எனக்குத் தைரியமில்லை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். அதற்கு வீடுவீடாக மருந்தடித்ததும், காய்ச்சல்காரரைத் தேடி இரத்தம் எடுத்து மருந்து கொடுத்ததும் முக்கிய காரணம். கப்பி கூட நின்று படம் எடுத்துக்கொண்டது. இத்தோடு கப்பி போதும், இன்னும் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

கல்கிசைச் சுழியோடி: மயில் மன்டிஸ் இறால் நம்மைவிட நாலு மடங்கு நிறம் பார்க்குமாமே?

கண்ணில் நிறத்தை உணரும் செல்கள் (வாங்கிகள்) 12 வகை, நமக்கு 3. ஆனால் 2014இல் வெளியான சோதனையில், நாம் லேசாகப் பிரிக்கும் நெருங்கிய நிறங்களை அது பிரிக்க முடியாமல் தடுமாறியது. ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒவ்வொரு வாங்கியும் ஒரு நிறத்தை உடனே அடையாளம் சொல்கிற மாதிரி வேலை செய்கிறது போல. முன்காலால் அது அடிக்கிற அடிதான் பெரிய விஷயம்: செக்கனுக்கு 23 மீற்றர் வேகம். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி உடைய, நத்தை ஓட்டுக்கு ஒரே அடியில் இரண்டு அடி. மெல்லிய கண்ணாடித் தொட்டியில் வைக்காதீர்கள், கையையும் விடாதீர்கள்.

தெமட்டகொட: உடம்புக்குள்ளே இளஞ்சிவப்பும் பச்சையும் ஒளிரும் கண்ணாடி மீன் கடையில் பார்த்தேன், என்ன இனம்?

இனம் சாதாரணக் கண்ணாடி மீன், உள்ளே எலும்பு தெரியும், அதுவே அழகு. அந்தக் கோடுகள் ஊசியால் ஏற்றிய சாயம். அநேகம் அதிலேயே சாகும், மிஞ்சியதிலும் நிறம் சில மாதத்தில் மங்கும். வாங்காதீர்கள், நாம் வாங்கும்வரை குத்திக்கொண்டே இருப்பார்கள்.

முகத்துவாரம்: கோமாளி மீன் சோடி வாங்கினேன், எது ஆண் எது பெண்?

பெரியது பெண். எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். பெண் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிவிடும்.

புளூமெண்டல்: அண்ணா, ஃபைட்டருக்கு ஜாம் போத்தல் சரிவராது என்றால் ஹோர்லிக்ஸ் போத்தல்?

தம்பி.