யோகாவுக்கு முன்னால் ஒரு தாழ்ப்பாள்

கேள்வி: திருப்பூரில் 85 பேரோடு பனியன் கம்பெனி நடத்துகிறேன். பாதிக்கு மேல் பெண்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. தொழிலாளர் நலத் திட்டம் எங்கே என்று எங்களிடம் சரக்கு வாங்கும் பையரும் கேட்கிறார். வாரம் ஒரு யோகா வகுப்பு வைக்கலாம் என்கிறான் மகன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: யோகா இருக்கட்டுங்க. நாளைக்கு மத்தியானம் 3 மணிக்கு செக்கிங் டேபிள் பக்கம் போய், பெண்களின் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருக்கும். ஏன் என்றால், "தண்ணி குடிச்சா எந்திரிக்கோணும், எந்திரிச்சா பீஸ் தேங்கிப் போகுமுங்க" என்பார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது, நாப்கின் போடக் கூடை இருக்காது. சிறுநீர்த் தொற்று, அப்புறம் லீவு. உங்கள் திட்டத்தின் முதல் வரி இதுதான். அயர்னிங் டேபிள் பக்கமும் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள், தகரக் கூரை என்றால் வெக்கையைப் பற்றி விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது ஒன்றரை ஷிப்டு. ஷிப்மென்ட் அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும் என்பதை சாயங்காலம் 5 மணிக்குச் சொன்னால், பள்ளிவிட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது? முந்தின நாளே சொல்லுங்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி.

குறை கேட்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஐந்தைந்து பேராக உட்கார வையுங்கள். ஒடியா, இந்தி பேசுகிறவர்களிடம் அவரவர் மொழியில் கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சட்டம் கேட்பது தனி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. 2013 சட்டப்படி, 10 பேர் வேலை செய்தாலே பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும்: தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். மனக் கஷ்டத்துக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை. வருகை பதியும் டைம் ஆபீஸ் சுவரில் வேண்டாம், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.

பலன் தெரிய, சேர்ந்து மூன்று மாதத்துக்குள் நின்றவர்கள் எத்தனை பேர், சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை வராதவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள்.

யோகாவை அப்புறம் பார்க்கலாம். வைத்தால் வேலை நேரத்துக்குள் வையுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு, அந்த அரை மணிக்கும் கூலி போட மறக்காதீர்கள்.