மரநாயா, மார்ட்டனா? மலைக்காட்டுச் சிறு விலங்குகளை வரைபடத்தில் குறிப்பது எப்படி?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். மாறாமலை, கீரிப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகும் பழைய மாணவர்கள் மரநாய், கீரி, புனுகுப்பூனை என்று செல்போனில் படம் அனுப்புகிறார்கள். இவற்றை இனம் பிரித்து, எது எந்த மலையில் எந்த உயரம் வரை இருக்கிறது என்று வரைபடம் போட ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கட்டாயம் போடுங்கள். புலிக்கும் யானைக்கும் முறையான கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தச் சிறு விலங்குகளைப் பற்றிய தகவல் பெரும்பாலும் தற்செயலாகக் கிடைப்பதுதான். அதனால் உங்கள் மாணவர்களின் படங்களுக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் முதலில் புள்ளிகளை மட்டும் வையுங்கள். எல்லைக்கோடு கடைசியில் வரட்டும்.

இனம் பிரிப்பதில் பெரிய குழப்பம் மரநாயில்தான். நம் பக்கம் மரநாய், மரப்பட்டி என்று சொல்லும்போது இரண்டு, சில நேரம் மூன்று விலங்குகள் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டு மச்சில் ஓடுவதும் தென்னை, பனையில் ஏறுவதும் சாதா மரநாய். சாம்பல் உடம்பு, முதுகில் கருங்கோடுகள், பக்கத்தில் புள்ளிகள், முகத்தில் கருப்பு வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பழுப்பு மரநாய்க்குக் கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது. உடம்பு முழுக்கப் பழுப்பு. தலை, தோள், கால், வால் இன்னும் கருமை. சிலவற்றுக்கு வால் நுனி மட்டும் வெளுத்திருக்கும். இது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் விலங்கு. பெரும்பாலும் 500 முதல் 1300 மீட்டர் வரையுள்ள மழைக்காட்டிலும், அதை ஒட்டிய காப்பித் தோட்டங்களிலும் இருக்கும். இரண்டுமே இரவில்தான் நடமாடும்.

மூன்றாவது, நீலகிரி மார்ட்டன். பெயரில் நீலகிரி இருந்தாலும் அகத்தியமலை வரை உண்டு. இது மரநாய்க் குடும்பமே இல்லை, நீர்நாய்க்குச் சொந்தம். ஒல்லியான நீண்ட உடம்பு, கரும்பழுப்பு நிறம், தொண்டையிலிருந்து மார்பு வரை பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு. பகலில் நடமாடும். எனவே படத்தோடு நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். பகல் பத்து மணிக்குக் கிளையில் ஓடியது என்றால் முதலில் தொண்டையைப் பாருங்கள்.

கீரிகளுக்கு வால்நுனி போதும். நுனி கருப்பாக இருந்து கழுத்தின் பக்கத்திலும் ஒரு கருங்கோடு இருந்தால் அது கழுத்துக்கோட்டுக் கீரி (stripe-necked mongoose), ஆசியாவிலேயே பெரிய கீரி. கழுத்துக்கோடு இல்லாமல் வால்நுனி மட்டும் கருப்பானால் செந்நிறக் கீரி. நுனி கருப்பில்லாத சாம்பல் நிறமானால் ஊருக்குள் பார்க்கும் சாதா கீரி. உடம்பெல்லாம் ஒரே கரும்பழுப்பாக, வால் குறுகிக் கூம்பி இருந்தால் மலைக்காட்டுப் பழுப்புக் கீரி. பழைய நூல்களில் இவை ஹெர்பெஸ்டிஸ் பேரினத்தில் இருக்கும், இப்போது உர்வா என்று எழுதுகிறார்கள். அட்டவணையில் இரண்டையும் எழுதி வையுங்கள். புனுகுப்பூனை தரையில் திரிவது. உடம்பில் வரிசையாகப் புள்ளி, வாலில் வளையங்கள். அப்படி ஒரு படத்தைப் பார்த்து யாராவது ‘மலபார் புனுகுப்பூனை’ என்றால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பல இடங்களில் தானியங்கி கேமரா வைத்துத் தேடியும் சிக்காத விலங்கு.

எச்சத்தை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். பாறைமேல் பழவிதைகளோடு கிடப்பது எந்த மரநாயுடையது என்று கண்ணால் சொல்ல முடியாது, மரபணுச் சோதனை வேண்டும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரம் கொடுங்கள். அடையாளம் தெளிவாகத் தெரியும் படம் முதல் தரம். பழகிய ஆள் நேரில் பார்த்தது இரண்டாம் தரம். கேள்விப்பட்டது மூன்றாம் தரம். எல்லைக்கோடு போடும்போது முதல் தரப் புள்ளிகளை மட்டுமே நம்புங்கள். அட்ச, தீர்க்க ரேகையைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதினால் சுமார் 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகலாம். நம் சரிவுகளில் ஒரு கிலோமீட்டர் என்பது ரப்பர் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் உள்ள தூரம். உயரத்துக்குச் செல்போனை நம்பாமல், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோட்டைப் பாருங்கள்.

அப்புறம், வரைபடத்தில் காலியாகக் கிடக்கும் இடம் விலங்கு இல்லாத இடமாகிவிடாது. பழுப்பு மரநாயின் தெற்கு எல்லை என்று களக்காட்டையும், வடக்கு எல்லை என்று கோவா ஓரத்துக் காஸில் ராக்கையும் சொல்வதுண்டு. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் காக்காச்சிப் பக்கம் வன உயிரின ஆய்வாளர் திவ்யா முத்தப்பா இந்த விலங்கை விரிவாக ஆராய்ந்ததால் அந்த முனை நன்கு தெரியவந்தது. அதே காடு மேல்கோதையாறு வழியாக நம் மாவட்டத்துக்குள் தொடர்கிறது. விலங்குக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆகவே 2 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ‘பார்த்தோம்’, ‘தேடியும் காணவில்லை’, ‘தேடவே இல்லை’ என்று மூன்று நிறம் கொடுங்கள். என்னைக் கேட்டால் அந்த மூன்றாவது நிறம்தான் உங்கள் வரைபடத்தில் மிக முக்கியம். அடுத்த ஆண்டு எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் காட்டும்.

சரணாலயத்துக்குள் போகவும் கேமரா வைக்கவும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாணவர்களை இரவில் காட்டுக்கு அனுப்பவே கூடாது, தோட்டச் சாலையில் பார்த்ததே போதும். வண்டியில் அடிபட்டுக் கிடந்தால் தொண்டை, முதுகு, வால் மூன்றும் தெரியும்படி அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். உடலையோ தோலையோ பள்ளிக்கு எடுத்து வருவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரைபடத்தைப் பொதுவில் வெளியிடும்போது கட்டத்தை மட்டும் காட்டுங்கள். துல்லியமான இடம் வேட்டைக்காரர் கைக்குப் போக வேண்டாம், அதை வனத்துறைக்கு மட்டும் கொடுங்கள்.