குழு வேலையை ஒரே பிள்ளை செய்தால்

ஐந்து பேருக்கு ஒரு சார்ட் கொடுத்தீர்கள், ஒரு பெண் மட்டும் எல்லாம் செய்கிறாள், மற்ற நால்வர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு பிள்ளைகளிடம் இல்லைங்க, கொடுத்த வேலையில். ஒரு ஆளே முடித்துவிடக்கூடிய வேலை என்றால் கை வேகமானவள்தான் முடிப்பாள்.

குழுவுக்கு நான்கு பேர் போதும். பாடத்தை நான்காக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். முழுப் பாடம் யார் கையிலும் இருக்கக் கூடாது. ஒரே துண்டு கிடைத்த வெவ்வேறு குழுப் பிள்ளைகள் முதலில் பத்து நிமிடம் கூடிப் படிக்கட்டும், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித் தரட்டும். 1971-ல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரான்சன் தொடங்கிய ஜிக்சா முறை இதுதான்.

நேரமில்லை என்று பலர் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டிவிடுவார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அங்கேதான் தைரியம் வரும். அது இல்லாவிட்டால் குழுவில் திணறுவான், அந்தப் பெண் "குடு, நான் சொல்றேன்" என்று தாளைப் பிடுங்கிக்கொள்வாள்.

சார்ட்டில் எழுத ஆளுக்கு ஒரு நிறப் பேனா. யார் எழுதவில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். குழுவுக்குப் பொது மதிப்பெண் வேண்டாம். நான்கு துண்டிலிருந்தும் கேள்வி வைத்துத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.