கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தைக் காரில் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் வருகிறீர்கள், அப்பா அம்மாவும் ஒரு சின்னப் பையனும் கூட வருகிறார்கள், கையில் மூன்று நாள் இருக்கிறது, கடற்கரை ஏற்கெனவே பார்த்தாயிற்று, இந்த முறை மலை, காடு, அணை, பூங்கா மட்டும் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு நீளமான பட்டியல். நான் திட்டுவிளைப் பக்கத்துக்காரன். உரிமையோடு சொல்கிறேன், அந்தப் பட்டியலில் பாதியை முதலில் அடித்துவிடுங்கள்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. மாவட்டம் சின்னது. மேப்பில் பார்த்தால் காளிகேசமும் கோதையாறும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. கொடைக்கானல் போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகலாம் என்று நினைத்து வந்தால் இங்கே ஏமாற்றம்தான். விரித்து வைத்த கையில் விரல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி போல ஒவ்வொரு பள்ளத்தாக்கும் மலைக்குள் புகுந்து முட்டி நிற்கும். போன வழியிலேயே திரும்பி அடிவாரச் சாலைக்கு வந்துதான் அடுத்த பள்ளத்தாக்குக்குள் நுழைய முடியும். அதனால் எந்தப் பள்ளத்தாக்குக்குள் போவது, எதை விடுவது என்று தீர்மானித்துவிட்டால் திட்டம் பாதி முடிந்த மாதிரி. மூன்று நாளுக்கு இரண்டு பள்ளத்தாக்கு போதும். கிழக்கே காளிகேசம், மேற்கே பேச்சிப்பாறை - கோதையாறு.

மதுரையிலிருந்து நாலுவழிச் சாலையில் வரும்போது மாவட்டத்தின் வாசல் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல நிற்பதற்கும் அதுதான் காரணம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும், பையனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலையே வந்து நாகர்கோவிலில் தங்கிவிடுங்கள். மறுநாள் விடிவதற்கு முன் தோவாளைப் பூச்சந்தை. பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கொழுந்து எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, அதே வேகத்தில் கேரளத்துக்கு வண்டி ஏறும். வெயில் வந்த பிறகு போனால் காலிச் சாக்குதான் மிச்சம். ஓணத்துக்கு முந்தின வாரம் என்றால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு அந்த நெரிசல் பிடிக்கும், உங்கள் அப்பா அம்மாவுக்குப் பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தோவாளையிலிருந்து மறுபடி நாலுவழிச் சாலைக்கு ஏற வேண்டாம். உள்சாலையில் பூதப்பாண்டி வாருங்கள். இருபுறமும் நாஞ்சில் நாட்டு வயல், குளம், தென்னை, பின்னால் தாடகை மலை. மல்லாந்து கிடக்கும் பெண் போல அந்த மலை தெரியும், ராமாயணத்துத் தாடகை அவள்தான் என்பது இங்கே பேச்சு. பூதப்பாண்டி, பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். அப்படியே திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று சாலை கொஞ்சம் கொஞ்சமாக நெல்லை விட்டு வாழைக்கும், வாழையை விட்டு ரப்பருக்கும் மாறிக்கொண்டே போகும். இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்றால் காரை நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது. வளைவுகளும் அதற்கு மேல் விடாது.

கீரிப்பாறையில் ரப்பர் தோட்டம் அரசு ரப்பர் கழகத்துடையது. காலையில் போனால் பால் வெட்டு நடந்துகொண்டிருக்கும். வெட்டுக்காரர் மரத்தின் பட்டையில் கத்தியைச் சரிவாக வைத்து, முந்தின வெட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு நூல் கனத்துக்குச் சீவுவார். சீவல் சுருண்டு விழுந்த கையோடு வெள்ளைப் பால் அந்தக் கோட்டில் கசிந்து, தகரத் துண்டு வழியாகக் கீழே கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மழை பெய்தால் வெட்டு இல்லை, பால் பட்டை முழுக்கப் பரவி வீணாகும் என்பதால். நின்று பார்க்கலாம், வேலையைக் கெடுக்காமல் பேச்சும் கொடுக்கலாம். சிரட்டைக்குள் விரல் விடப் பையனை மட்டும் விடாதீர்கள், சட்டையில் பட்டால் போகாது.

கீரிப்பாறை தாண்டியதும் வனத்துறைச் சோதனைச்சாவடி. கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவார்கள். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ அடைத்துவிடுவார்கள், அப்போது வாதாடிப் பயனில்லை. உள்ளே காளிகேசத்தில் ஒரு காளி கோயிலும், பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறும். பெரிய அருவி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முழங்கால் தண்ணீரில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் இடம் அது. பெரியவர்களுக்கு அதுதான் வசதி. மழைக்காலத்தில் அட்டை இருக்கும், ஒரு பொட்டலம் உப்பு போதும். உலக்கை அருவி உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதற்குக் காட்டுப் பாதையில் ஏறி நடக்க வேண்டும், இந்தக் கூட்டணிக்கு வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு தடிக்காரன்கோணத்துக்குத் திரும்பி, சுருளகோடு, பெருஞ்சாணி வழியாகக் குலசேகரம் போங்கள். பெருஞ்சாணி அணை பறளியாற்றின் குறுக்கே இருக்கிறது. கூட்டம் அவ்வளவாக இருக்காது. அங்கே ஒரு அரை மணி நேரம், அப்புறம் பொன்மனை, அப்புறம் குலசேகரம். இரண்டு இரவும் குலசேகரத்திலோ தக்கலையிலோ தங்குங்கள். பலரும் கன்னியாகுமரியில் அறை போட்டுவிட்டுத் தினமும் காலையில் மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். பாறையும் மணலும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதில் பாதி நாள் போய்விடும்.

இரண்டாம் நாள் விடிந்ததும் திற்பரப்பு. இதில் மட்டும் சோம்பல் கூடாது. காலை எட்டு மணிக்குள் குளித்து முடித்தால் அருவி உங்களுடையது. பத்து மணிக்குப் போனால், அதுவும் ஞாயிறு என்றால், அது கூட்டத்துடையது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வேறு வரிசை கட்டி நிற்கும். கோதையாறு ஒரு அகலமான பாறைப் படுகையில் பரந்து வந்து இங்கே விழுகிறது. குழந்தைகள் குளிக்கத் தனி இடம் இருக்கிறது, மேலே தடுப்பணையில் படகும் உண்டு. பக்கத்திலேயே மகாதேவர் கோயில்.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு விஷயம். மலையோரச் சாலைப் பயணத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிவராத்திரிக்கு முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற சிவாலய ஓட்டம் இருக்கிறதே, பன்னிரண்டு சிவன் கோயில்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் கடப்பார்கள், கையில் விசிறி, வாயில் ‘கோவிந்தா கோபாலா’. சிவன் கோயில் ஓட்டத்தில் பெருமாள் பேர்! திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை மூன்றும் அந்த வரிசையில் அடுத்தடுத்து வருபவை. அந்தத் துண்டைக் காரில் போனாலே மலையோரத்தின் நல்ல பகுதியைப் பார்த்த மாதிரி. திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்த பழைய குகைக் கோயில் ஒன்றும் உண்டு, கூட்டமே இருக்காது. சிவராத்திரியன்று மட்டும் இந்தச் சாலைகளில் கார் எடுக்க வேண்டாம், அன்றைக்கு நடப்பவர்களுக்குத்தான் வழி.

திற்பரப்பிலிருந்து குலசேகரம் திரும்பிக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பேச்சிப்பாறை. திருவிதாங்கூர் காலத்தில், மூலம் திருநாள் ஆட்சியில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் கட்டிய அணை. வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. அவர் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு வயல்களுக்கும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் தண்ணீர் போவது இந்த அணையை நம்பித்தான். அணை நிறைந்திருக்கும்போது மலையின் பச்சை அப்படியே தண்ணீருக்குள் கிடக்கும். அக்கரையில் தச்சமலை, தோட்டமலை போன்ற காணிப் பழங்குடி மக்களின் ஊர்கள். அங்கே பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் படகுதான். அந்தப் படகுகளை உல்லாசப் படகு என்று நினைத்து நெருக்காதீர்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு வரை போகிற சாலைதான், என் கணக்கில், இந்த மாவட்டத்தின் சிறந்த சாலை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் அடர்ந்த காடு, குற்றியாற்றில் தரைப்பாலம். பலத்த மழைக்குப் பின் அந்தத் தரைப்பாலம் மூழ்கிவிடும், அப்போது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக்குவரத்து நின்றுவிடும். மேகம் கறுத்திருந்தால் ஏறவே வேண்டாம். பேச்சிப்பாறை டீக்கடையில் ஒரு கட்டன், அதாவது பால் விடாத டீ, குடித்துவிட்டு விசாரியுங்கள். ஒரு தடவை அங்கே இருந்த பெரியவர், “மேல ஆனை நிக்குதாம் மக்களே, பஸ்சு ஒண்ணு போட்டும், பொறவு போங்க” என்றார். அரசு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவது இன்றைக்கும் நல்ல யோசனைதான். காடு முழுக்கக் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம், நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். மாலை நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம், பெட்ரோலைக் குலசேகரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் கோதையாறு போக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழ்க் கோதையாறு மின் நிலையத்தோடு உங்கள் சாலை முடிகிறது. அங்கிருந்து மலை மேலே இழுத்துப்போகும் விஞ்ச் வண்டி மின்வாரிய ஊழியர்களுக்கானது. மேல் கோதையாற்றுக்குக் கார் போகிற வழி மணிமுத்தாறு, மாஞ்சோலை பக்கம், திருநெல்வேலி மாவட்டத்தில், அனுமதியோடு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்ட காடும் அந்த மேல் பகுதிதான். அதனால் அந்த ஆசையை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் மலையை விட்டு இறங்கும் நாள். காலையில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த கோயில். மூலவர் இருபத்திரண்டு அடி நீளத்தில் பள்ளி கொண்டிருப்பதால் மூன்று வாசல் வழியாகத்தான் முழுதும் பார்க்க முடியும். அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966-ல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் ஒரு வாய்க்காலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு நடந்து போகிறது, நீங்கள் அதன் ஓரத்தில் நடக்கிறீர்கள். கைப்பிடிச் சுவர் உண்டு என்றாலும் உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் கீழே படியிறங்கி ஆற்றங்கரையில் இருந்து தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். என்னைக் கேட்டால் கீழிருந்து பார்ப்பதுதான் அழகு.

பிறகு தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, அதை வைத்தே உங்கள் நாட்களைப் போடுங்கள். பையனுக்கு அரண்மனையில் பொறுமை போய்விடும். பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. நிழல், மான், ஓடித் திரிய இடம். குளச்சல் போரில் 1741-ல் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியான டச்சுக்காரர் டி லனாய் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். சிதறால் மலைக்கோயிலும் சமணச் சிற்பங்களும் அருமைதான், ஆனால் நல்ல ஏற்றம், வெயிலில் உங்கள் அம்மாவை ஏற்றாதீர்கள்.

எப்போது வருவது? எங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி அடைமழையில் அருவி நிறையும், ஆனால் குளிக்கத் தடை, சாலையில் மரம் விழும். 2017 ஒக்கிப் புயலில் இங்கே சாய்ந்த ரப்பர் மரங்களுக்குக் கணக்கே இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் தூறலும் குளிரும் தண்ணீரும் அளவாக இருக்கும், நான் அதைத்தான் சொல்வேன். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் அருவி மெலிந்திருக்கும். ஆனால் இலை உதிர்ந்த ரப்பர் செம்பு நிறத்தில் தளிர்த்து, தோட்டம் முழுக்கத் தேன் பெட்டிகள் வைத்திருப்பார்கள். தளிர் இலையின் காம்பிலிருந்து கசியும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு அப்படி வருவது, ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும் எழுதிவைத்திருக்கும் கடையில் தைரியமாக நுழையலாம். சாயாவுக்குப் பழம்பொரி, நாகர்கோவிலில் ரசவடை. மட்டி வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம், வெளியூரில் கிடைக்காது.

கடைசியாக, கிளம்பும் முந்தின நாள் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77. பேச்சிப்பாறை நாற்பத்தைந்தைத் தாண்டி, மழையும் தொடர்ந்தால் உபரி நீர் திறப்பார்கள், திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள். அப்படி இருந்தால் வரிசையைத் திருப்பிப் போட்டு, முதல் நாள் அரண்மனையும் கோட்டையும் பார்த்துவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு மலைக்குள் போங்கள்.