காற்றுக்கு ஒரு பாலிசி, மழைக்கு ஒரு பாலிசி

கேள்வி: கரீபியன் தீவுகளில் அரசாங்கங்களே புயலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கின்றனவாமே? புயல் அடித்தால் பணம் நிச்சயம் வந்துவிடுமா?

பதில்: நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தால் சீக்கிரம் வரும்.

நான் பல வருடங்கள் காப்பீட்டு சர்வேயராக இருந்தவன். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் போனதும் சுவரைத்தான் பார்ப்பேன். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சேறு கோடு போட்டு வைத்திருக்கும். டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, பில் கேட்டு, கிளெய்ம் முடிய மாதங்கள் ஓடிவிடும். அதுவரை அந்தக் குடும்பம் கடனில்தான் சாப்பிடும்.

ஒரு நாட்டுக்கே அந்த நிலை வந்தது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரெனடாவில் ஏற்படுத்திய சேதம், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பிறகுதான் 2007-இல் உலக வங்கியின் உதவியோடு சிசிஆர்ஐஎஃப் என்ற கூட்டுக் காப்பீட்டு அமைப்பு தொடங்கியது. இதில் சுவரை அளக்க யாரும் வருவதில்லை. புயல் போன பாதை, காற்றின் வேகம் ஆகியவற்றைக் கணினியில் போட்டு, சேதம் இவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய அளவை அது தாண்டினால் 14 நாளில் பணம் வந்துவிடும். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கூ தீவைத் தாக்கியபோது சுமார் 4.4 கோடி டாலர் அப்படித்தான் வந்தது.

சரி, காற்று குறைவாக இருந்து மழை கொட்டித் தீர்த்தால்? டொமினிக்காவைப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் வந்த எரிக்கா, சூறாவளி என்ற நிலைக்கே வராத புயல். ஆனால் சில மணி நேர மழையில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. பெத்தித் சவான் என்ற கிராமத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று. காற்றை வைத்துக் கணக்கிடும் புயல் பாலிசியில் ஒரு காசும் வரவில்லை. நல்லவேளை, அதிமழைக்கென்று தனி பாலிசி எடுத்திருந்தார்கள். அதில் வந்தது 24 லட்சம் டாலர். சேதமோ 48 கோடி டாலர்! இந்தப் பணம் வீடு கட்டித் தர அல்ல, முதல் சில வாரம் சாலையைத் திறக்க, குடிநீர் கொடுக்க. இதை அரசாங்கங்கள் மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், வீடிழந்தவர்கள் அந்தப் பணத்துக்காகக் காத்துக்கிடப்பார்கள்.

கேள்வி: பெரில் புயலில் ஜமைக்காவின் பேரிடர் பத்திரம் பணம் தரவில்லையே, அது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. பேரிடர் பத்திரம் என்பது முதலீட்டாளர்கள் போட்டு வைக்கும் பணம்; ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குப் பேரிடர் வந்தால் அது அரசாங்கத்துக்குப் போகும். ஜமைக்காவின் பத்திரம் பார்ப்பது புயலின் மைய அழுத்தத்தை; அது குறையக் குறையப் புயல் வலுவானது என்று அர்த்தம். தீவைச் சுற்றிக் கட்டங்கள் போட்டு, எந்தக் கட்டத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்கினால் எவ்வளவு பணம் என்று முன்பே எழுதியிருக்கிறார்கள். தெற்குக் கரையை ஒட்டிப் போன பெரிலின் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் சிசிஆர்ஐஎஃப் பாலிசிகளில் ஜமைக்காவுக்குப் பணம் கிடைத்தது. அப்புறம் 2025 அக்டோபரில் மெலிசா புயல் தீவுக்குள்ளேயே புகுந்தது. அப்போது, முன்பு ஒன்றும் தராத அதே பத்திரம் 15 கோடி டாலரையும் முழுசாகக் கொடுத்தது.